கட்டில் ஒன்று, நம்பர் இரண்டு

பூமாரி எங்கள் கம்பெனியில் ஒரு நாள்கூட விளக்குமாற்றைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் காகிதத்தில் அவள் இரண்டு வருஷம் பெருக்கிக்கொண்டேதான் இருந்தாள். 'ஹெல்பர், ஹவுஸ்கீப்பிங்' என்று போட்டு, லேபர் காண்ட்ராக்டர் நடேசன் கையெழுத்தோடு ஒரு சர்டிபிகேட். அதைப் படித்த அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சசிரேகா. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூர்க்காரி. கம்பெனி இப்போது நிற்கிற இடத்தில் எங்கள் நிலம் ஒன்றரை ஏக்கர் போயிற்று. அதற்காக வீட்டுக்கு ஒருவர் என்று எனக்கு வேலை கொடுத்தார்கள். டூல் டிசைன் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்ட், பெர்மனென்ட். நான் படித்தது பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் ஹையரும். பூமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. கணிதம், அதற்கு மேல் கம்ப்யூட்டர் டிப்ளமோ. அவளுக்குக் காண்ட்ராக்ட். நிலம் கொடுத்தவளுக்கு நாற்காலி, படித்தவளுக்கு விளக்குமாறு. என்ன நியாயம் இது?

அது 2003. புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது என்று மேலிடத்தில் உத்தரவு. ஆனால் கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் வேண்டும். நடேசனிடம் இருந்தது துப்புரவு ஆட்கள் அனுப்புகிற லைசென்ஸ். "நம்ம லைசென்ஸ் அதுக்குத்தான் கீது பாப்பா. பேப்பர்ல இன்னா இருந்தா உனுக்கு இன்னா? நீ ஏசி ரூம்லதான குந்தப் போற?" என்று அவளிடம் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பெண். சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எங்கள் கம்பெனி கார் கதவு செய்கிற அச்சுகளைத் தயாரிப்பது. அச்சுக்கு நடுவில் இரும்புத் தகட்டை வைத்து ஒரே அழுத்து, கதவின் வடிவம் வந்துவிடும். அச்சு சரியில்லையென்றால் தகடு மூலையில் கிழியும், அல்லது சேலை மாதிரிச் சுருக்கம் விழும். பல டன் எஃகைக் குடைந்து முடித்த பிறகு கிழிந்தால் தலையில் துண்டுதான். அதனால் முதலில் கம்ப்யூட்டரிலேயே அழுத்திப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு பெரியது, ஒரு கம்ப்யூட்டரால் ஆகாது. நான்கு மிஷின்களை ஒயரால் இணைத்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு அதை ஓட விட்டுப் போவதும், காலையில் வந்து முடிவை எடுத்து டிசைனர்களிடம் கொடுப்பதும் பூமாரியின் வேலை. காலை எட்டரைக்கு முடிவு கையில் இருந்தால் அன்றைக்குத் திருத்தி மறுபடி ஓட விடலாம். மத்தியானம் வந்தால் ஒரு நாள் போச்சு.

டிபார்ட்மெண்டுக்கு மேனேஜர் நரசிம்மன். அவருடைய பெருமையே அந்த நான்கு மிஷின்கள்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு ப்ராசஸர், ஆனால் மிஷின் தன்னிடம் நான்கு இருப்பதாகக் காட்டும். நாலு நாலு பதினாறு என்று வருகிற கஸ்டமரிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார். அதனால் வேலையையும் பதினாறு துண்டாகத்தான் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. பத்தொன்பது, இருபது மணி நேரம் இழுக்கும்.

அந்தப் பதினாறு பொய் என்று கண்டுபிடித்தவள் பூமாரி. அதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பெரிய புஸ்தகம் எதுவும் தேவைப்படவில்லை, அவள் தங்கியிருந்த ஹாஸ்டலே போதுமாக இருந்தது.

நடேசன் நடத்திய அந்த ஹாஸ்டல் எங்கள் தெருவுக்குப் பின்னால். தெற்கேயிருந்து வந்த பெண்கள் இருபத்திரண்டு பேர், கட்டில் பதினொன்று. பகலில் ஏ ஷிப்டுக்குப் போகிறவளும் ராத்திரி பி ஷிப்டுக்குப் போகிறவளும் ஒரே கட்டில். ஒருத்தி எழுந்து போனதும் மற்றவள் வந்து படுப்பாள், தலையணை சூடு ஆறியிருக்காது. கட்டிலின் தலைமாட்டில் ஒன்று முதல் பதினொன்று வரை பெயிண்டில் நம்பர். கால்மாட்டில் பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரை. அதாவது ஒன்றாம் நம்பரும் பன்னிரண்டாம் நம்பரும் ஒரே கட்டில்தான். நடேசன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது இருபத்திரண்டு படுக்கை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வார லீவு அன்று இரண்டு பேரும் அறையில் இருந்தால் ஒருத்திக்கும் தூக்கம் இருக்காது.

ஒரு நாள் கேண்டீனில் சாப்பிடும்போது அவள் சொன்னாள். "எக்கா, மிஷின்ல பதினாறுன்னு காட்டுதுல்லா, அது எங்க ஹாஸ்டல் கணக்குக்கா. கட்டிலு எட்டுத்தான். ஒரு கட்டிலுக்கு ரெண்டு நம்பரு எழுதி வச்சிருக்கான்."

"அப்போ பாதிதான் வேலை செய்தா?"

"அப்பிடியுமில்ல. ஒருத்தி அசந்து கெடக்கிற நேரத்துல இன்னொருத்தி கொஞ்சம் சாஞ்சுக்கிடலாம். சில்லறை வேலைக்கு அது லாபந்தான். ஆனா நம்ம கணக்கு அப்பிடியா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழுசா மல்லாந்து படுக்கணும்னு நிக்கும். அப்பம் ரெண்டு பேருக்கும் தூக்கம் கெட்டுப் போவுது."

"அப்போ எட்டாப் போடேன்."

"போட்டுப் பாத்துட்டேன்க்கா. எட்டுத் துண்டு போட்டா, எது எங்க படுக்கணும்னு மிஷின் அதுவாத்தான் முடிவு பண்ணுது. ஒரு கட்டில்ல ரெண்டு பேரத் தள்ளிட்டு, பக்கத்துக் கட்டில சும்மா போட்டுருது. நடுவுல எழுப்பி வேற கட்டிலுக்கு வேற மாத்துது. ஒரு நாளு பதினஞ்சு மணி நேரம், மறுநாளு இருவத்திரெண்டு. லைன்ல ஒருத்தி கை பின்னால போனா எல்லாரு கையும் நிக்கும்லா? அதே மாதிரி ஒரு துண்டு பிந்துனா மத்த ஏழும் அதுக்காகக் காத்துக் கெடக்கும்."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இது புரிந்தது. பத்தாவது படித்த டைப்பிஸ்டுக்குப் புரிந்தது, எம்.டெக். படித்த நரசிம்மனுக்குப் புரியவில்லை என்றால் அது படிப்பின் குறை இல்லை.

அவள் செய்தது இதுதான். எட்டுத் துண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, இன்ன துண்டு இன்ன ப்ராசஸரில்தான் ஓட வேண்டும், கடைசி வரை இடம் மாறக் கூடாது என்று கட்டிப் போட்டாள். அதற்கு மிஷினிலேயே ஒரு கட்டளை இருக்கிறதாம். அந்த மிஷின்களில் நம்பர் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். பூஜ்யமும் ஒன்றும் வெவ்வேறு ப்ராசஸர். இரண்டும் மூன்றும் அதே இரண்டின் கால்மாட்டு நம்பர்கள். எங்கள் ஊர் ஹாஸ்டலில் இருப்பது போலவே. அதனால் ஒவ்வொரு மிஷினிலும் முதல் இரண்டு நம்பரில் தலா ஒரு துண்டு, மீதி இரண்டு காலி. எல்லா நாளும் பதினான்கு மணி நேரத்தில் முடிந்தது. சாயங்காலம் ஆறுக்குப் போட்டால் காலை எட்டுக்குத் தயார்.

இதற்கு அவளுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போட்டார்கள் மெமோ.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு போர்டு உண்டு. மிஷின் எத்தனை சதவீதம் ஓடியது என்று எழுத வேண்டும். எண்பத்தைந்துக்கு மேல் பச்சை, அறுபதுக்குக் கீழ் சிவப்பு. பிரஸ் மிஷினுக்கு அது சரிதான். கம்ப்யூட்டர் அறைக்கும் வாசலில் ஒரு டி.வி.யை மாட்டி அதே போர்டை வைத்தார்கள். பதினாறு துண்டு போட்ட காலத்தில் தொண்ணூற்றெட்டு, பளபளவென்று பச்சை. பூமாரி எட்டாகக் கட்டிப் போட்டதும் ஐம்பது, சிவப்பு. பதினாறு நம்பரில் எட்டுத்தானே ஓடுகிறது, ஐம்பதுதானே காட்டும்.

நரசிம்மன் அறைக்கு வெளியிலேயே கத்தினார். "என்னம்மா இது? பாதி மிஷின் சும்மா நிக்குது! எம்.டி. ரவுண்ட்ஸ் வர்ற நேரத்துல எனக்குச் சிவப்பு காட்டணும்னு கங்கணம் கட்டிட்டு இருக்கியா?"

"சார், சும்மா நிக்கல. அது வெறும் நம்பரு. ரிசல்ட்டு அஞ்சு மணி நேரம் முன்னாலயே வந்துருதுல்லா சார்."

"நீ எனக்கு ப்ராசஸர் கிளாஸ் எடுக்காதே. பதினாறு போடு."

காலையில் எட்டு மணிக்கே முடிவு மேஜைக்கு வருவதை அந்த மனிதர் கவனிக்கவே இல்லை. போர்டைத்தான் பார்த்தார். கண் இருந்தும் குருடு என்பார்களே, அதற்கு அவரைவிட நல்ல ஆளை நான் பார்த்ததில்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டார், எழுத்தில் காட்டினால் நம்புவார் என்று பூமாரி நினைத்தாள். அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். சாதாரண நாளில் மிஷின் காலியாகக் கிடைக்காது. ஆயுத பூஜை அன்று கிடைத்தது. காலையிலேயே எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆட்கள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பூஜை போட்ட கருவியை அன்று தொடக் கூடாது என்பது ஷாப்பில் எழுதாத சட்டம். இவள் சந்தனப் பொட்டு காய்வதற்குள் உட்கார்ந்து, ஒரு சின்னக் கணக்கை எடுத்து, பதினாறாக, எட்டாக, கட்டி, கட்டாமல் என்று பன்னிரண்டு விதமாக ஓட்டி, நேரத்தையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி நரசிம்மன் மேஜையில் வைத்தாள்.

அந்தப் பக்கத்தை அவர் படித்தாரோ இல்லையோ, என்றைக்கு எடுத்தது என்பதை மட்டும் படித்தார். மறுநாள் எனக்கு ஒரு குறிப்பு வந்தது, டைப் அடிக்கச் சொல்லி. 'ஹவுஸ்கீப்பிங் ஹெல்பர் பூமாரி, கம்ப்யூட்டர்களின் பயன்பாட்டை வேண்டுமென்றே பாதியாகக் குறைத்ததற்கும், ஆயுத பூஜை நாளில் பூஜை முடிந்த மிஷின்களை அனுமதியின்றி இயக்கியதற்கும்' விளக்கம் கேட்டு ஒரு மெமோ. விளக்குமாறு பிடிக்கிறவள் எப்படி ஐயா கம்ப்யூட்டர் பயன்பாட்டைக் குறைப்பாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டைப் அடித்தேன், மூன்று காப்பி எடுத்தேன், டிபார்ட்மெண்டு சீல் என் டிராயரில்தான் இருக்கும், அதையும் குத்திக் கொடுத்தேன். பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு வாயை மூடிக்கொள்வது என்று ஒரு அர்த்தம் இருக்கிறது. அதை நன்றாகவே கடைப்பிடித்தேன், வெட்கமாக இருக்கிறது.

பூமாரி பதிலெழுதவில்லை. பதினாறு போட்டாள், போர்டு பச்சையானது, கதவு லேட்டானது. ஆறு மாதம் கழித்துக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரத்தில் மெமோவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். போகும்போது செய்த வேலையைச் சொல்லி ஒரு சர்டிபிகேட் மட்டும் கேட்டாள். நடேசன் கொடுத்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

"எக்கா, நான் கம்ப்யூட்டர்ல வேல பாத்தேங்கிறதுக்கு இந்த மெமோ ஒண்ணுதான்க்கா சாட்சி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போனாள். கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், கடைசியில் அனுபவக் காகிதம் கேட்டார்கள், ஹவுஸ்கீப்பிங் என்று பார்த்ததும் கதவைக் காட்டிவிட்டார்கள். பிறகு ஒரகடத்தில் செல்போன் பாகம் பொருத்துகிற ஒரு லைனில் நின்றாள். எட்டு மணி நேரம் நின்றபடியே திருகாணி முடுக்குகிற வேலை.

அவள் போன பிறகு நடந்ததைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். வேலை குவிந்து கஸ்டமர் கத்த ஆரம்பித்ததும், நரசிம்மன் பூமாரி விட்டுப்போன கட்டளைக் கோப்பை மெல்லத் திறந்தார். ஓட்டினார். பதினான்கு மணி நேரம். அடுத்த மாதம் எம்.டி. முன்னால் படம் போட்டு விளக்கினார், ப்ராசஸ்களை இடம் பார்த்துக் கட்டிப் போடுவது தன்னுடைய யோசனை என்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. வருஷக் கடைசியில் அவருக்குக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். அந்தப் பாராட்டுக் கடிதத்தையும் டைப் அடித்தது நான்தான். போர்டுக்கும் புதுச் சட்டம் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஐம்பது என்றால் பச்சை. அதே ஐம்பது. அவள் போட்டபோது சிவப்பு, அவர் போட்டபோது பச்சை.

2006 தொடக்கத்தில் பழைய மிஷின்களைக் கழித்துவிட்டுப் புதிதாக நான்கு வந்தன. அதே போல ப்ராசஸர் இரண்டு, நம்பர் நான்கு, ஆனால் வேகம் கூடினவை. பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். அதே கோப்பை அப்படியே வைத்து ஓட்டினார்கள். இருபது மணி நேரம் ஆனது.

யாருக்கும் விளங்கவில்லை. விற்ற கம்பெனிக்காரன் வந்தான், மிஷின் நன்றாக இருக்கிறது என்றான். ஏசி சரியில்லை என்று ஏசியை மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். வாஸ்து சரியில்லை என்று மிஷின் ரேக்கைத் திருப்பி வைத்தார் ஒரு புண்ணியவான். போர்டு மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஐம்பது, ஐம்பது, ஐம்பது, எல்லா நாளும் பச்சை. போர்டு பச்சையாக இருக்கிறது, அப்புறம் எங்கே தப்பு என்று நரசிம்மன் தலையைச் சொறிந்தார். பின் கதவு அச்சுக்கு எஃகு குடைய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "சசி, அந்தப் பொண்ணு... பூமாரி. உனக்கு டச்சுல இருக்கா?" என்றார். பெயரே மறந்துபோன மாதிரி ஒரு பாவனை.

ஒரகடத்தில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் நம்பருக்குப் போட்டேன். பூமாரிக்கு அன்று பி ஷிப்ட், அறையில்தான் இருந்தாள். ரிசீவரை நரசிம்மன் வாங்கவில்லை, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் நிலவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"எக்கா, புது மிஷின்லா? நம்பரு போட்ட வரிசை மாறியிருக்கும். இங்க ஒரகடத்து ஹாஸ்டல்லயும் அப்பிடித்தான். மொதக் கட்டிலுக்கே ஒண்ணும் ரெண்டும், அடுத்த கட்டிலுக்கு மூணும் நாலும். பென்னலூரு நெனப்புல மொத ரெண்டு நம்பர எடுத்தா என்னாவும்? ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல கெடப்பாவ, பக்கத்துக் கட்டிலு வெறிச்சோடிக் கெடக்கும்."

மூன்று வாரம், ஏசி, ஒயர், வாஸ்து. இவள் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

நரசிம்மன் போனுக்கு மேல் குனிந்தார். "சரிம்மா, எதை எதுவா மாத்தணும்? அதை மட்டும் சொல்லு."

பூமாரி மரியாதையான குரலில் சொன்னாள். "சார், நான் ஹெல்பரு. ஹெல்பருக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன சார் தெரியும்?"

நரசிம்மன் முகம் போன போக்கைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவள் தொடர்ந்தாள். "பெங்களூருல ஒரு இடத்துல என்னைய எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காங்க சார். அங்கயும் இதே வேலதான். அனுபவ லெட்டரு கேக்காங்க. திங்கக்கிழம காலைல அதோட வந்தா வேல, இல்லைன்னா அடுத்த ஆளு. உங்க கம்பெனி பேப்பர்ல, நான் என்ன வேல பாத்தேனோ அத எழுதித் தாங்க. ஞாயித்துக்கிழம எனக்கு லீவு, நானே வந்து சரி பண்ணித் தாரேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

போனை வைத்ததும் நரசிம்மன், "காண்ட்ராக்ட் ஆளுக்கு நம்ம லெட்டர்ஹெட்ல எப்படித் தர்றது? ரூல் இல்லையே" என்று முனகினார். பிறகு, "கம்ப்யூட்டர் அறையில் உதவியாக இருந்தார்னு போட்டுக் கொடு, போதும்" என்றார்.

நான் அப்படி அடிக்கவில்லை. அவள் சிஸ்டம் ஆபரேட்டராக இரண்டு வருஷம் வேலை பார்த்தாள், எங்கள் மிஷின்களில் ப்ராசஸ்களை ப்ராசஸர் பார்த்துக் கட்டி வைக்கும் முறையை அவளே உருவாக்கினாள், அதை இன்றுவரை நாங்கள் பயன்படுத்துகிறோம் என்று அடித்தேன். இங்கிலீஷில் இரண்டு இடத்தில் டிக்‌ஷனரி பார்க்க வேண்டியிருந்தது. கொண்டுபோய் வைத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா இது?"

கோபம் வந்தால் அவருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"நடந்தது சார்" என்றேன். "இதுல கையெழுத்துப் போட்டாத்தான் அவ வருவா. வரலேன்னா கதவு நிக்கும்."

கஸ்டமரிடமிருந்து அன்று காலை மூன்றாவது முறை போன் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டார். "சீல் இப்ப வைக்காதே. வேலை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பூமாரி வந்தாள். கையில் ஊருக்குப் போகிற பை. மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் பஸ் ஏற வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் விசிட்டர் சீட்டு எழுதித் தந்தான், தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். சிஸ்டம் ஆபரேட்டர் என்று நானே சொன்னேன்.

லெட்டரை முதலில் வாங்கிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். என்னிடம் திருப்பித் தந்து என் கையை அழுத்தினாள். பிறகு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். எந்த நம்பர் எந்த ப்ராசஸரைச் சேர்ந்தது என்று மிஷினே ஒரு பட்டியல் வைத்திருக்குமாம். அதைத் திறந்து எங்களுக்குக் காட்டினாள். பூஜ்யமும் ஒன்றும் ஒரே ப்ராசஸர். இரண்டும் மூன்றும் இன்னொன்று. அவள் சொன்னது அச்சு அசல். மூன்று வாரமாக ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ப்ராசஸரில் இரண்டு துண்டு நெருக்கியடித்துக் கிடக்க, மற்றது வேலையில்லாமல் இருந்திருக்கிறது. பட்டியல் அங்கேயே இருந்தது, ஒருத்தரும் திறக்கவில்லை. போர்டுதான் பச்சையாக இருந்ததே!

கோப்பில் பூஜ்யம், ஒன்று என்று இருந்ததைப் பூஜ்யம், இரண்டு என்று மாற்றினாள். ஓட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். மணி பன்னிரண்டு.

நரசிம்மன் வாசலில் போய் டி.வி.யைப் பார்த்தார். உள்ளே வந்தார். மறுபடி போய்ப் பார்த்தார்.

"அம்பதுதானே காட்டுது?"

"ஆமா சார்."

"காலையிலயும் அம்பதுதான் காட்டுச்சு. அப்போ நீ என்னத்தை மாத்தின?"

"இடத்த மாத்துனேன் சார். எத்தன பேரு படுத்திருக்காங்கன்னுதான் போர்டு சொல்லும். யாரு எங்க படுத்திருக்காங்கன்னு சொல்லாது. நீங்க கடிகாரத்தப் பாருங்க சார். ராத்திரி பன்னெண்டுக்கு முடிஞ்சிருக்கும்."

"நம்பர் மாறலியேம்மா." அவர் குரலில் ஏமாற்றப்பட்டவனின் கோபம் ஏறியது. "ஒண்ணும் மாறாமலே லெட்டரை வாங்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறியா? சசி, சீல் வைக்காதே. நாளைக்கு ரிசல்ட் பார்த்துட்டு வைக்கலாம். வேணும்னா தபால்ல அனுப்பு."

நாளைக்குக் காலையில் அவள் பெங்களூரில் நிற்க வேண்டும். அது அவருக்குத் தெரியும். பூமாரியின் முகத்தைப் பார்த்தேன். அழுகையில்லை, ஆச்சரியமும் இல்லை. இதுதானே நடக்கும் என்று முதலிலேயே தெரிந்த முகம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு முகம்தான்.

பொய்க்கெல்லாம் குத்தினேனே! ஹெல்பர் பூமாரி கம்ப்யூட்டரைக் குறைத்தாள் என்ற பொய்க்குக் குத்தினேன். யோசனை நரசிம்மனுடையது என்ற பொய்க்குக் குத்தினேன். என் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தேன். மைப்பெட்டியில் சீலை இரண்டு தரம் ஒற்றி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்து அழுத்தினேன்.

"சசிரேகா!" என்றார் நரசிம்மன்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது சார்" என்று சொல்லி லெட்டரை அவள் பையில் வைத்தேன். கேட் வரை கூடப் போனேன். ஷேர் ஆட்டோ ஏறும்போது, "எக்கா, உங்களுக்கு ஏதும் ஆவாதுல்லா?" என்று கேட்டாள். "இன்னா ஆவும்? போடி" என்றேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது முடிவு தயாராக இருந்தது. ஞாயிறு ராத்திரி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்திருந்தது, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. டிசைனர்கள் அதை வைத்துக் கதவின் கீழ் மூலையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்குப் பெங்களூரிலிருந்து பூமாரி பேசினாள். சேர்த்துக்கொண்டார்களாம்.

பதினோரு மணிக்கு நரசிம்மன் ஒரு குறிப்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டைப்பிஸ்ட் சசிரேகா, மேலதிகாரியின் உத்தரவை மீறி அலுவலக முத்திரையைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. டிபார்ட்மெண்டில் டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. நானே அடித்தேன். மூன்று காப்பி எடுத்தேன். சீலும் நானே வைத்தேன்.